மூன்றாவது புள்ளி

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் நிலத்தடி நீரை உண்டாக்கியிருக்கிறேன். மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில், ஐம்பது மீட்டர் ஆழம் வரைக்கும், நல்ல அகலமாக. அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் கால் மணி நேரமும் போதுமாக இருந்தன. குறை என்னவென்றால், அந்த நீர் ஃப்ளாப்பியை விட்டு வெளியே வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக்கடையின் மாடியில் இருந்த நீர் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அலுவலகம் என்றால் முதலாளி, நான், பூமியின் மின்தடையை அளக்கும் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடந்து நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். எங்களிடம் எழுந்து நிற்பதற்கு எதுவும் இல்லாததால் கூட்டமெல்லாம் அவரிடம் போனது. யோசித்துப் பார்த்த முதலாளி கலர் மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பூமியைக் குறுக்காக வெட்டி, எந்த அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டும் மென்பொருளும் எப்படியோ வந்து சேர்ந்தது. அதன் கையேடு ஜெராக்ஸ் பிரதி. நடுவில் பதினோரு பக்கங்களைக் காணோம். நான் நிலவியல் படித்தவன் என்பதால், காணாமல் போன பக்கங்களும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று முதலாளி நம்பினார். நானும் அதை மறுக்கவில்லை.

முதல் படம் ஒரு அண்ணாச்சிக்காக. பஞ்சாலையில் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு எண்பது மரம் உள்ள தோப்பை வாங்கியவர். வாங்கிய இரண்டாம் வருஷமே கிணறு வற்றிவிட்டது. மட்டைகள் தொங்க, குரும்பைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. முதல் நாளே எங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு போர்தான் சார் போட முடியும். அது தப்பிருச்சுன்னா பழையபடி நான் மில்லு வாசல்லதான் நிக்கணும், வாட்ச்மேனா."

தோப்பில் மூன்று இடங்களில் அளப்பதாகத் திட்டம். கிணற்றடியில் ஒன்று, தோப்பின் நடுவில் ஒன்று, மேற்கே மலையைப் பார்த்த வரப்போரத்தில் ஒன்று. நான்கு கம்பிகளை வரிசையாகத் தரையில் அடித்து, மின்சாரம் செலுத்தி, கம்பிகளை விலக்கி விலக்கி வைத்து எண்களைக் குறிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்காது; ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணாச்சியின் மனைவி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார். ஆறாவது குடத்தில் நின்றுவிட்டார். "தண்ணி இருக்கான்னு பாக்கவா இம்புட்டுத் தண்ணி? இத மரத்துக்கு ஊத்தியிருந்தா ரெண்டு மரமாவது பொழச்சிருக்கும்," என்றார். நான் அடுத்த கம்பிக்கு உப்பைக் கரைத்தேன்.

இரண்டு இடங்களை முடிக்கும்போது உச்சி வெயில். பெட்டியின் பேட்டரி இறங்கிவிட்டது, எனக்கும் இறங்கிவிட்டது. மேற்கு வரப்புக்குப் போகச் சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைய வேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இது போதும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். மூன்றாவது இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பூமியில் எத்தனை அடுக்கு என்பதை மென்பொருள் சொல்லும் என்று நினைத்திருந்தேன். அது என்னிடம் கேட்டது. மேல்மண், சுக்காம்பாறை, கரும்பாறை என்று மூன்று அடுக்கு கொடுத்தேன். ஒவ்வொன்றின் தடிமன் கேட்டது. அதுவும் தெரியாமல்தானே இதை வாங்கினோம் என்று முனகிக்கொண்டே தோராயமாகக் கொடுத்தேன். இரண்டு இடங்களிலும் பன்னிரண்டு மீட்டரில் கரும்பாறை வந்தது. குறுக்குவெட்டுப் படம் கேட்டபோது மறுத்துவிட்டது. குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டுமாம்.

நான் மூன்றாவது புள்ளியை எழுதினேன். இரண்டாவதின் எண்களை எடுத்து அங்கங்கே மாற்றினேன். அச்சு அசலாக இருந்தால் முதலாளிக்குச் சந்தேகம் வருமே என்று, ஆழத்து எண்களில் நான்கை நன்றாகக் குறைத்தேன். மின்தடை குறைந்தால் அங்கே ஈரம் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனாலும் அப்போது என் கவலையெல்லாம் எண்கள் இயல்பாகத் தெரிகின்றனவா என்பதில்தான் இருந்தது.

உண்மையான இரண்டு புள்ளிகளிலும் ஏழெட்டு சதவீதம் பிழை காட்டிய மென்பொருள், மூன்றாவதில் பிழையே இல்லை என்றது. இயற்கை எழுதியதைவிட என் கையெழுத்து அதற்கு எளிதாகப் புரிந்துவிட்டது. படத்தில், மேற்கே பாறை பெரும் பள்ளமாக இறங்கியது. பிரிண்டர் கறுப்பு வெள்ளைதான் என்பதால், முதலாளி ஸ்கெட்ச் பேனா வாங்கிவரச் சொன்னார். பள்ளத்துக்கு நீலம் தீட்டியதும் நான்தான்.

அண்ணாச்சி வந்து படத்தை மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நீலத்தில் விரலை வைத்தார். மலையில் இருந்து இறங்கும் தண்ணீர் அங்கேதான் நிற்கும் என்று தனக்கும் தோன்றியதாகச் சொன்னார். அந்தப் பக்கம் அனுமானம்தான் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரின் அனுமானம் என்றால் சும்மாவா என்று முதலாளி முடித்துவைத்தார்.

போர் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்து, முள்ளை மிதித்துக்கொண்டு மேற்கு வரப்போரத்தில் நின்றது. அண்ணாச்சியின் மனைவி ஒரு பித்தளைக் குடத்துக்குக் குங்குமம் வைத்து, முதல் தண்ணீரைப் பிடிக்கக் காத்திருந்தார். நாற்பது அடியில் பாறைப்பொடி பறந்தது. நூறு அடியிலும் அதே வெள்ளைப் பொடி. நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கம்ப்ரசர் இரைச்சலில் உண்மையைச் சொல்ல முடியாது என்று நம்பினேன். டீ குடிக்க அதை நிறுத்தினார்கள். அப்போதும் முடியவில்லை.

"படத்துல எம்புட்டு வரைக்கும் இருக்கு சார்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நூத்தறுபது," என்றேன். என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

நூற்றறுபதும் தாண்டியது. டிரைவர், "வெறும் கல்லுதானுங்க, நிறுத்திக்கலாமுங்களா?" என்றார். அண்ணாச்சி நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் கொஞ்சம் கீழே தள்ளிப் போயிருக்கும் என்றார். முந்நூறு அடியில் டிரைவரே நிறுத்திவிட்டார். எங்கள் எல்லோருடைய தலையும் புருவமும் வெள்ளையாக இருந்தன. அந்த அம்மாள் குடத்தைக் கவிழ்த்தார். உள்ளே சேர்ந்திருந்த பொடி கொட்டியது. புடவைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் புதுப் பேட்டரி போட்டு, நானாகப் போய், வண்டி மிதித்துப்போட்ட முள்ளைத் தாண்டி அந்த மூன்றாவது இடத்தை அளந்தேன். படம் தட்டையாக வந்தது. மூன்று இடத்திலும் ஒரே பாறை, ஒரு பொட்டு நீலம் இல்லை. ஒழுங்காக அளந்திருந்தாலும் தோப்பு போயிருக்கும். போருக்குக் கொடுத்த பணம் மட்டும் மிஞ்சியிருக்கும். இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் நிறைய முயன்றிருக்கிறேன். மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. தடிகள் செங்கல் சூளைக்குப் போயின.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மில் வாசலில் காக்கிச் சட்டையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போகாத இடம், எழுதிய எண்கள், ஸ்கெட்ச் பேனா. அவர் உள்ளே வந்த லாரியின் நம்பரை நோட்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க போகலங்கிறது எனக்குத் தெரியும் சார். அன்னைக்கு வேப்பமரத்தடிய விட்டு நீங்க எந்திரிக்கவே இல்லையே, பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். உங்களுக்கு முடியலன்னு கம்ப்யூட்டரு போய்ப் பாத்துருக்கும்னு நெனச்சேன்."