ஏழு எர்த்தும் ஓர் உறுமலும்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் வரை அப்பா என் வீட்டுக்காரரை 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் அம்மாவிடம் மட்டும். மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. நான் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் ஹாஸ்டலில் தங்கி, ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனிக்குப் போய்வந்தவள். அவர் படப்பைக்காரர். ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இரண்டு கம்பெனி பஸ்ஸும் நிற்கிற டீக்கடையில் ஆரம்பித்தது, ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது. அப்பா வரவில்லை.

அம்மா மட்டும் வந்துபோவாள். ஒருமுறை அரிசி மூட்டையோடு, பரணில் பல வருஷமாக ஊமையாகக் கிடந்த அப்பாவின் வால்வு ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இவர் சரி பண்ணிக் கொடுத்தால் அப்பா மனசு இளகும் என்பது அவள் கணக்கு. அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. இவரும் யாரையும் கேட்கவில்லை. உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது, வால்வும் டிரான்ஸ்பார்மரும்தான் தேறும், அதை வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினால் பாட்டு தேனாக இருக்கும் என்று சொல்லி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாமனார் சொத்தைப் பிரித்துப் பாய் நிறையப் பரப்பிவிட்டார்.

விஷயம் அப்பா காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. அடுத்த மாதம் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட வருவதாகவும், போகிற வழியில் அந்த ரேடியோ பாடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதாகவும் அம்மாவிடம் சொல்லியனுப்பினார். திருச்செந்தூர் முருகனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற மனுஷன், முருகனைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ் ஏறி வருகிறாராம். நான் போனைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

ஏனென்றால் அவர் கட்டி முடித்த ஆம்ப் உறுமிக்கொண்டிருந்தது. பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாட்டுக்குப் பின்னால் மாவு மில் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். வால்யூமை முழுக்கக் குறைத்தால் பாட்டு நிற்கும், மில் நிற்காது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் அவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். கண்டென்சரை மாற்றினார். வால்வுகளை இடம் மாற்றிச் செருகினார். டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தார். ஸ்விட்சை அணைத்தாலும் கண்டென்சருக்குள் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால், கை வைக்கும் முன் ஒரு குண்டு பல்பைத் தொடவைத்து அதைக் காலி பண்ணுவார். பல்பு பளிச்சென்று எரிந்து அணையும். அதைப் பார்க்கவே நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வருவேன். கடைசியில் கம்பெனியில் செய்வதுபோலக் காலண்டர் தாளின் பின்பக்கம் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு எழுதினார். ஐந்தாவது ஏனுக்கு நேரே 'தெரியவில்லை' என்று இருந்தது.

அப்பா வர மூன்று நாள் இருக்கும்போது எனக்கு வார லீவு. அவர் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு முறைத்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். தகட்டில் அங்கங்கே திருகாணி, ஒவ்வொன்றிலும் ஓர் எர்த் வயர். எண்ணினேன், ஏழு. போதாதென்று, பிளக்கில் வருகிற எர்த் தவிர, ஜன்னல் வழியாக வெளியே ஓடி மண்ணில் அடித்த கம்பிக்கும் ஒரு வயர். எதற்கு இத்தனை என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர் கம்பெனியில் எந்த மோட்டாராக இருந்தாலும் பாடிக்கு இரண்டு எர்த் கொடுத்தே ஆகவேண்டுமாம். ஆடிட்டில் ஒன்று குறைந்தாலும் தொலைந்தோம் என்றார்.

என் வேலை, லைனில் தப்பாகிற போர்டுகளைத் திரும்ப ஈயம் வைத்துச் சரிசெய்வது. உடம்பில் சேரும் கரண்ட் போர்டைக் கெடுக்காமல் மண்ணுக்கு இறங்க, மணிக்கட்டில் ஓர் எர்த் பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காரவேண்டும். என் மேஜையில் பட்டை, விரித்திருக்கிற ரப்பர் பாய், மிஷின் எல்லாவற்றின் வயரும் ஒரே பித்தளைக் குமிழில் போய்ச் சேரும். புதிதாக வந்த ஒருத்தி நல்லதுக்குத்தானே என்று மேஜைக் காலிலும் இன்னொரு வயரை மாட்டிவிட, சூப்பர்வைசர் அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். வயர் நாலு இடத்தில் மண்ணைத் தொட்டால் அதற்குள்ளேயே கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும் என்று அன்றைக்குச் சொன்னது, இந்த ஏழு வயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

"பாடி எர்த் இருக்கட்டும், ஆனா ஒண்ணு போதும்," என்றேன். "மத்த வயரெல்லாம் அந்த ஒரே எடத்துல வந்து சேரட்டும்."

"எர்த்தைக் கயட்ட சொல்ற மொத ஆளு நீதான்," என்றார். சாமி படத்தைக் கழற்றச் சொன்னமாதிரி முகம் தொங்கிப்போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அரைமணி கழித்து வந்தவர், பல்பை வைத்துக் கண்டென்சரைக் காலி பண்ணிவிட்டு, சால்டரிங் அயர்னை என்னிடம் நீட்டினார். அவர் டார்ச் பிடிக்க, நான் ஏழு வயரையும் எடுத்து ஒரே திருகாணிக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் வயரை அவரே சுருட்டினார்.

போட்டோம். உறுமல் இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் லேசாக ஒரு மூச்சு. அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். சூடான அயர்ன் என் கையில் இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சம்பளம் கூடியபோதுகூட வந்ததில்லை.

அப்பா காலையிலேயே வந்தார். நெற்றியில் விபூதி, கையில் கருப்பட்டிப் பொட்டலம். என்னிடம் பேசினார், சுவரிடம் பேசினார், என் வீட்டுக்காரரிடம் பேசவில்லை. சத்தம் குறுக்கே வரக்கூடாதென்று நான் ஃபேனை நிறுத்தினேன். அப்பாவுக்குப் பிடித்த நாதஸ்வர சிடியைப் போட்டுவிட்டு, இவர் ஆம்ப் ஸ்விட்சைத் தட்டினார். வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். எங்கள் ரேடியோ நன்றாக இருந்த காலத்திலும் முதலில் உறுமும், அப்புறம்தான் பாடும். அப்பா அந்த உறுமலுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். நின்ற ஃபேனை நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்டு போயிட்டோ, மாப்ளே?"

கரண்ட் இருக்குப்பா என்று நான் சொல்வதற்குள் நாதஸ்வரம் எழும்பிவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

காபி போடப் போன என் பின்னாலேயே என் வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"கரண்ட் போச்சான்னு கேட்டாரு பாத்தியா? அவ்ளோ சைலண்டா கீது."

"அது சரி. உங்கள என்னன்னு கூப்ட்டாரு?"

உதட்டை அசைத்து அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும், அரிசி டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.