கியர்பெட்டிக்குள் தாலி

முழங்கால் வலி தாங்க முடியாமல் கள்ளக்குறிச்சிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அங்கே வேலை செய்யும் பெண், "உள்ள பெரிய காந்தம் இருக்குதுங்க. கொலுசு, தோடு, ஊக்கு, தாலி எல்லாத்தையும் கழட்டி இந்தத் தட்டுல வெச்சிடுங்க" என்றாள். தாலி என்றதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் மட்டும் மளமளவென்று கழற்றித் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் தாலிக்கும் காந்தத்துக்கும் பழைய பழக்கம் உண்டு என்று அவளிடம் நின்று கதை சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

உள்ளே படுக்கவைத்ததும் அந்த மெஷின் போட்ட சத்தம் இருக்கிறதே, அப்படியே எங்கள் பழைய டிராக்டர்தான். கடகடவென்று ஒரு பாட்டு, நடுவில் இருமல், மறுபடி கடகட. வடக்கனந்தலில் குடியிருந்தபோது வாங்கிய வண்டி அது, எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் அடிபட்டு வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் புதுப்பெண்ணைப் போல வைத்திருந்தார். உண்மையான புதுப்பெண் நான் வீட்டுக்குள் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். மட்கார்டின் மேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேறு கட்டியிருந்தார். வண்டி ஏரிக்கரை திரும்பும்போதே பாட்டு வீட்டுக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்.

ஊக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்போது எங்களைப் போன்றவர்களுக்குத் தாலி மஞ்சள் கயிற்றில்தான். கயிறு நிறைய ஊக்கு தொங்கும். காலில் முள் தைத்தால் அதில் ஒன்று, செருப்பு வார் அறுந்தால் ஒன்று, ரவிக்கையில் கொக்கி போனால் ஒன்று. வயலில் யாருக்கு எது பிய்ந்தாலும் கை நேராகப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கழுத்துக்குத்தான் வரும். எனக்கு ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. கயிற்றில் இடம் போதாமல் தாலியின் வளையத்திலேயே ஓர் ஊக்கைக் கோத்து வைத்திருந்தேன்.

அது மலையில் முதல் மழை விழுந்திருந்த சமயம். கல்வராயன் மலைமேல் சாமை விதைக்க உழ வேண்டும், விடிந்ததும் வண்டி வந்துவிட வேண்டும் என்று மலைக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் காய்ந்தால் அவர்களுக்கு விதைப்பு போச்சு. எங்கள் வண்டியில் கியர் அவ்வப்போது தானாக நழுவும், மலை ஏறும்போது நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் மத்தியானமே என் வீட்டுக்காரர் கியர் ராடு மாட்டியிருக்கும் மேல்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டிமேல் ஏறிக் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். கியர் ஆயில் வாடை மூக்கைத் துளைத்தது.

மூடியில் காற்றுப் போகிற பொடி ஓட்டை ஒன்று மண் அடைத்துக் கிடந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"ஏ, ஒரு ஊக்கு குடு."

குனிந்தபடியே கழுத்திலிருந்து ஓர் ஊக்கை இழுத்தேன். வேர்வையிலும் மஞ்சளிலும் ஊறி நைந்துபோயிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. தாலிக்கு இரண்டு பக்கமும் கோத்திருந்த குண்டுமணிகளும் மற்ற ஊக்குகளும் என் காலடித் தகட்டில் சிதறின. தாலி மட்டும் கறுப்பு எண்ணெயில் 'களுக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காணாமல் போனது. இழுத்த ஊக்கும் பின்னாலேயே போனது.

"ஐயோ!" என்று நான் அலறியதில் அவர் கையிலிருந்த ஸ்பேனரும் விழுந்தது. நல்லவேளை, அது வெளியே விழுந்தது.

"ஆடாத. கியர் பக்கம் கைய கொண்டு போவாத. பல்லுக்கு நடுவுல சிக்கிச்சின்னா தாலியும் போச்சு, கியரும் போச்சு."

அவருக்குக் கியர் கவலை. எனக்கோ அவரைப் பற்றிய கவலை. தாலி கழுத்தை விட்டு இறங்கிய மறுநாளே அந்த மலை வளைவு ரோட்டில் இவர் வண்டி ஏற்றிக்கொண்டு போகப் போகிறார். கீழே பார்த்தால் தலை சுற்றுகிற ரோடு. கழுத்து மொட்டையாக இருக்க இவரை எப்படி அனுப்புவேன்? அழ ஆரம்பித்துவிட்டேன். எண்ணெயை இறக்கினாலும் அடியில் இருக்கிற ஓட்டை வழியாகத் தாலி வராது. வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டும், மலைக்காரர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு என் மாமியார் வந்தாள். வெறுங்கழுத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குக் கழுத்துல கைய வெச்சிகினு நிக்கிற?"

சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ நேராக உள்ளே போய் ஒரு நூல் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை முடிந்து எடுத்துவந்தாள். கணவனை இழந்தவள், தன் கையால் கட்டக்கூடாது என்று மகனிடம் நீட்டினாள்.

"டேய், இத மொதல்ல அவ கழுத்துல கட்டு. அப்பறம் தேடுங்க."

கை நிறையக் கியர் ஆயிலோடு அவர் கட்டினார். மூன்று முடிச்சும் கறுப்பு. டிராக்டர் மேல் நின்றபடியே எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. முதல் கல்யாணத்தில் வெட்கப்பட்டவர் இதில் எண்ணெய் வழுக்குகிறது என்று திட்டிக்கொண்டே கட்டினார்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. "அத்த, நாளைக்கு மலைக்குப் போறாரு..." என்று இழுத்தேன்.

"போனா? இன்னா ஆயிடும்? நான் ஒரு நாளாச்சும் தாலிய கழட்னனா? குளிக்கறப்பகூடக் கைலயே புடிச்சிகினு இருந்தேன். உங்க மாமனாரு இருந்தாரா? மூஞ்சக் கழுவிகினு வா, போ."

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரால் ஸ்பீக்கரைக் கிழித்துப் பின்னால் இருந்த காந்தத்தைத் தட்டி எடுத்தார். அந்த ஸ்பீக்கரை நான் துணியால் துடைத்தால்கூட "பாத்து, பாத்து" என்று கத்துகிற மனிதர்.

எனக்கு ஒரு சந்தேகம். "தங்கம் காந்தத்துல ஒட்டாதுங்களே?"

"தங்கம் ஒட்டாது. உன் ஊக்கு ஒட்டும் இல்ல?"

காந்தத்தைச் சணலில் கட்டி இறக்கினார். அது பாதி வழியிலேயே கியர்மேல் தாவி ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில், கைப்பிடிக்குப் பக்கத்தில் காந்தத்தை ஒட்டவைத்து, முனையை மட்டும் எண்ணெய்க்குள் விட்டுத் துழாவினார். முதலில் இரும்புத் தூள் சேறு மாதிரி வந்தது. அப்புறம் ஓர் ஊக்கு வந்தது. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, துடைத்துப் பார்த்தால் வெறும் ஊக்கு. நான் இழுத்தபோது விழுந்ததே, அந்த ஊக்கு. வளையத்தில் கோத்த ஊக்கு திறந்துபோயிருந்தால் தாலி அடியிலேயே கிடக்கும், எந்தக் காந்தமும் எடுக்காது. நானும் வண்டிமேல் ஏறி டார்ச்சைக் கிட்டே அடித்தேன். மாமியார் மட்டும், "கீழ மூலையில பாருடா, கனமானது மூலைக்குத்தான் போவும்" என்று தரையில் நின்றபடியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூலையில்தான் இருந்தது. ஊக்கின் வாலில் தொங்கிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. அப்பாடா! அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேர் கையும் கறுப்பு. சீயக்காய் போட்டு எத்தனை தேய்த்தும் என் தாலியில் பல நாள் அந்த வாடை போகவில்லை.

விடிந்ததும் பாட்டு இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அப்போது கையில் போன் ஏது? போனவர் திரும்பினால்தான் சேதி. நான் அடிக்கடி வாசலுக்கு வந்து நிற்பேன். மாமியார், "இன்னா ஆயிடும்? உள்ள போய் வேலைய பாரு" என்று விரட்டுவாள். இவள் நெஞ்சு கல்லா என்றுகூட நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் டிராக்டர் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். எனக்கு முன்னால் மாமியார் ரோட்டில் நின்றாள். வண்டி நிற்பதற்குள் கிட்டே போய், மகனின் கையை, காலை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நீ போனதுல இருந்து கண்ண மூடலடா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா பாக்குற? ரெண்டு பேரும் பயந்துகினு குந்திகினு இருந்தா அடுப்பு யாரு பத்த வெக்கிறது?"

அந்த டிராக்டரை மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கயிறு போய்ச் சங்கிலி வந்தது, ஒற்றை ஊக்குகூட இல்லை. வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரையும் முனகலுமாக நன்றாகவே இருக்கிறார். மாமியார் போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

போன மழையில் என் மகன் மலைக்கு லோடு வண்டி எடுத்துக்கொண்டு போனான். போன் கிடைக்கவில்லை. நானும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனை அழுத்திக்கொண்டே இருந்தோம். "ஒண்ணும் ஆவாதும்மா" என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு நல்லபடியாக வந்து இறங்கினான். சிக்னல் இல்லையாம், அவ்வளவுதான். சாமி புண்ணியம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

கை கால் கழுவிக்கொண்டு வந்தவன், "பசிக்கிது, சோறு போடு" என்றான். அப்போதுதான் பார்த்தோம், காலையிலிருந்து யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை.