நம்மட குரலில் வந்த இன்சூரன்ஸ்

வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி, பாலம் கடந்து, புளியந்தீவுப் பள்ளிக்கூடங்களில் இறக்கும் வேன் என்னுடையது. போனில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள் என்று ஊருக்குப் புத்தி சொல்பவனும் நான்தான். அப்படிப்பட்ட நான் முகநூல் விளம்பரத்தைப் பார்த்து வேனுக்கு மலிவாக இன்சூரன்ஸ் வாங்கினேன்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு எடுத்ததும், "என்னகா அண்ணன், எந்தப் பக்கம் நீங்க?" என்றது குரல். நம்மட ஊர்ப் பேச்சின் அந்த 'கா'வில் விழுந்துவிட்டேன். வேறு ஊர்ப் பேச்சென்றால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். நம்மட ஆள் நம்மை ஏமாற்றுவானா? காசை அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் வந்த இன்சூரன்ஸ் அட்டையை அச்செடுத்து, உறை போட்டு, சந்தனமும் வைத்தேன்.

பாலத்தடியில் மறித்த பொலிஸ்காரர் அட்டையில் பேர் இருந்த கம்பனிக்குப் போன் எடுத்து விசாரித்தார். அப்படியொரு வேனையே அவர்களுக்குத் தெரியாதாம். லைசன்ஸை வாங்கிக்கொண்டு வழக்கு எழுதினார். நீதிமன்றத்தில் லைசன்ஸை நிறுத்திவிட்டால் வேன் முற்றத்தில் கோழிக்கூடுதான்.

மறுநாளே உண்மையான கம்பனிக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "போட்டோ கொப்பி எங்க? எடுத்திட்டு மறுகா வாங்க" என்று எரிந்து விழுந்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. கள்ளன் இப்படிப் பேசமாட்டான்.

நீதிமன்ற வாசலில் காத்தான்குடி லொறிக்காரர் ஒருவர் நின்றார். அவர் கையிலும் அதே அட்டை.

"உங்களுக்கும் 'என்னகா அண்ணன்' எண்டானா?" என்று கேட்டேன்.

"இல்ல. எனக்கு எங்கட ஆக்கள் அண்ணனைச் சொல்ற மாதிரி 'காக்கா' எண்டான். சலாமும் சொன்னான்."

எனக்குச் சலாம் இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நானும் ஏமாந்தவன்தான் என்று நீதவானிடம் சொன்னேன். "உங்களை ஏமாற்றியவர்மீது பொலிஸில் முறையிடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றியது நீங்கள்தானே?" என்றார். புதிய இன்சூரன்ஸைக் காட்டியதால், தண்டப்பணத்தோடு விட்டு லைசன்ஸைத் திருப்பித் தரச் சொன்னார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. "என்னகா அண்ணன், நாளைக்கு வேன் வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் கதைக்கிறது? பிள்ளைர பேர் என்ன? எத்தனையாம் வகுப்பு?"

"உங்களுக்கு என்ன புடிச்சிட்டு? அஞ்சு வருஷமா உங்கட வேன்லதானே பிள்ளைய ஏத்துறன்!"

பேரையும் வகுப்பையும் சொல்ல வைத்த பிறகுதான், "ஓம், வரும்" என்றேன்.