விருந்தினர் பார்க்க வளர்த்த புல்

ஈரப்புல்லின் வாசனை பலருக்கு இதமாக இருக்கலாம். எனக்கு அது மூக்கில் ஏறினால் இன்றும் கோபம்தான் வருகிறது. தொண்ணூறுகளின் இறுதியில், திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்துக் கிடந்த ஒரு கோடையில், மாநில விளையாட்டுப் போட்டிக்கு வருகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எங்கள் தெருவுக்கு எதிரே ஒரு பூங்காவை அமைத்தார்கள். அதற்கென்று ஆழமாகப் 'போர்' போட்ட இரண்டாம் வாரமே எங்கள் தெரு 'அடிபம்பு' வெறுங்காற்றைக் கக்கியது.

பூங்கா திறந்த சாயங்காலம் அம்மா எனக்குத் தலைசீவி, வேடிக்கை பார்க்கத்தான் கூட்டிப்போனாள். உள்ளே புல்தரையில் ரப்பர் குழாய் தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்க, வழிந்தது தார்ச்சாலையில் ஓடியது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"புள்ள, ஓடிப்போயி குடத்த எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன். குடம் நிறைந்த நேரத்தில், பூங்காவை மேற்பார்வையிடும் அதிகாரி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்ஸ் காலால் குடத்தைச் சாய்த்தார்.

"பார்க்க வந்தா பார்த்துட்டுப் போகணும்."

அம்மா குடத்தை எடுத்து மறுபடி குழாயடியில் வைத்தாள். "இதையும் கொட்டுங்க சார். எங்க தெருத் தண்ணிதான, இம்புட்டையும் புல்லுக்கே ஊத்துங்க."

அதற்குள் தெருப் பெண்கள் குடங்களோடு உள்ளே வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த அதிகாரி விலகிப் போனார். அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.

மறுநாள் பூங்காவின் கதவில் பூட்டுத் தொங்கியது. அம்மாவை மட்டும் காவல் நிலையத்துக்கு அழைத்து, இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். வெயிலில் நிற்கவைத்து, என் கண்முன்னால், அவளைவிட வயதில் இளைய ஒருவர் "நீ, வா, போ" என்று பேசித்தான் வாங்கினார். போட்டி நான்கே நாளில் முடிந்தது. அடுத்த கோடையில் புல் கருகியது. அப்போது ஊற்ற யாரும் வரவில்லை.

இன்று அங்கே பூங்கா இல்லை, லாரிகள் நிற்கின்றன. "எம்புட்டு அழகா இருந்துச்சு" என்று தெருக்காரர்களே பெருமூச்சு விடும்போது எனக்கு உடம்பு எரிகிறது. சென்ற மாதம் அம்மாவோடு அவ்வழியே நடந்தேன். அந்த இடம் வந்ததும் எழுபது வயதுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையின் மறுபக்கத்துக்குக் கடந்தாள்.

"ஏம்மா, அங்கதான் ஒண்ணுமே இல்லையே?"

"எழுதிக் குடுத்திருக்கேன்ல" என்றாள்.