ஆத்மநாதன் பேரால் நின்ற காதுகுத்து

திருக்கோகர்ணத்துக்கு வடக்கே இருந்த நூல் ஆலையில் உண்ணாமலை நூல் சுற்றும் வேலை பார்த்தாள். புருஷன் இருளாண்டிக்கும் தம்பி ராசுவுக்கும் அதே ஆலைதான். காலைச் சங்கு ஊதினால் மூவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். நாற்பத்திரண்டாம் வருஷத்து வேலைநிறுத்தம் அதைக் கெடுத்தது.

அதை நடத்தியவர் ஆத்மநாதன். குளத்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து சங்கத் தலைவரானவர். ஐம்பதாவது நாள் மேனேஜர் அறைக்குள் தனியாகப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வேலை எட்டு மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளை பெறும் பெண்களுக்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் லீவு கிடைத்தது. தினக்கூலிகள் நிரந்தரமானார்கள். முன்வரிசையில் நின்று கோஷம் போட்ட நாற்பது பேருக்கு இனி வேலை இல்லை என்பதும் அதே தாளில்தான் இருந்தது. அந்த நாற்பதில் இருளாண்டி ஒருவன். நிரந்தரமானவர்களில் ராசு ஒருவன்.

இருளாண்டி கல் உடைக்கப் போனான். ராசு ஆத்மநாதன் படத்தைச் சுவரில் மாட்டிப் பூப் போட்டான். இரண்டு வருஷத்தில் ஆத்மநாதன் விஷக்காய்ச்சலில் இறந்தார். மனுஷரோடு அவரைப் பற்றிய சண்டையும் போகும் என்று உண்ணாமலை நம்பினாள். அது இன்னும் வளர்ந்தது. தெய்வம் என்றவர்களுக்கு ஒரு டீக்கடை, காட்டிக்கொடுத்தவன் என்றவர்களுக்கு இன்னொரு டீக்கடை. அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். ஏணி வேண்டுமென்றாலும் அவள்தான் தூது போனாள்.

மகள் அழகிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது வழக்கம். அந்தப் படத்தைக் கழற்றினால்தான் என் பிள்ளை அவன் மடியில் உட்காரும் என்றான் இருளாண்டி. தலைவரைத் திட்டியதற்கு மச்சான் வருத்தம் சொன்னால்தான் வருவேன் என்றான் ராசு. குறித்த நாள் போயிற்று. அடுத்த வருஷம் வேறு நாள் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. பிள்ளைக்கு நாலு வயது முடிந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் தினமும் விசாரித்தார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கண்ணுசாமி ஆசாரியின் நகைப் பட்டறைக்குப் போனாள்.

"தாய்மாமன் எங்கம்மா?" என்று ஆசாரி கேட்டார்.

"வரமாட்டாங்க. என் மடி இருக்கு. குத்துங்க."

ஆசாரி தயங்கினார். அவள் எழுந்திருப்பதாக இல்லை. கடைசியில் ஊசியை எடுத்தார். அழகி வீரிட்டு அழுதாள்.

சேதி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் இருளாண்டியும் ராசுவும் ஒன்றாக நின்றார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கிறார்கள். பேசியதும் அவளைப் பற்றித்தான். மாமன் இருக்கும்போது ஒரு பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று ராசு கேட்டான். மாப்பிள்ளை சொல்வது நியாயம்தான் என்றான் இருளாண்டி.

உண்ணாமலை பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"அந்த மனுசன் வாங்கிக் கொடுத்த லீவுலதான் இவளப் பெத்துப் பாலு கொடுத்தேன். அவரு போட்ட கையெழுத்துலதான் இந்த வீட்டுல ஒரு சம்பளம் இல்லாமப் போச்சு. ரெண்டும் எனக்குத்தான் நடந்துச்சு. அவரு நல்லவரா கெட்டவரான்னு என்னைய ஒருத்தராவது கேட்டீங்களா?"

இருவரும் அப்போதும் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் ராசு பிள்ளைக்குச் சட்டைத் துணியும் வெல்லமும் கொண்டுவந்து, இருளாண்டி கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் ஆத்மநாதன் நினைவு நாள். ராசு மாலை தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் போனான். இருளாண்டி கறுப்புத் துணி கட்டிக்கொண்டு எதிர்க் கூட்டத்துக்குப் போனான். பேச்சு மறுபடி நின்றது.

நாற்பத்தெட்டில் அந்த ஊரை ஆண்ட சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஆலைச் சங்கத்துக்கும் புதுத் தேர்தல் வந்தது. ஆத்மநாதன் ஆட்கள் ஒரு பக்கம், எதிரிகள் ஒரு பக்கம். சீட்டுப் போட்டுவிட்டு வந்த உண்ணாமலையிடம் யாருக்குப் போட்டாய் என்று தம்பி கேட்டான். ராத்திரி சோற்றுக்கு முன்னால் புருஷனும் அதையே கேட்டான். ஒரு ஏணியைக்கூட ஒருவரையொருவர் நேரில் கேட்கத் தெரியாதவர்களுக்கு அதை மட்டும் எதற்குச் சொல்வது என்று நினைத்து அவள் குழம்பை ஊற்றினாள்.