துரை எழுதாமல் விட்ட சொல்

முப்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில், எங்கள் பேச்சில் கந்தோரில், நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு. டைப் அடிக்கத் தெரியும். வாயைத் திறக்கத்தான் கூச்சம். சேர்ந்து மூன்று வருஷத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ‘யெஸ் சார்’ தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

ஒருநாள் பதினொரு பேரை நிறுத்துவதாக முடிவாயிற்று. போகிறவர்களுக்கு நற்சான்றுப் பத்திரம் கொடுப்பது வழக்கம். துரை பென்சிலால் எழுதித் தருவார், நான் டைப் அடிப்பேன், அவர் கையெழுத்திடுவார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மூன்று சொற்கள்தான் இருக்கும். நேர்மையானவர், குடிக்காதவர், மூன்றாவதாக ‘எனர்ஜெட்டிக்’.

அந்த மூன்றாவது சொல்லின் மேல் துரைக்கு ஒரு தனிப் பிரியம். என் சிறிய அகராதியில் ‘சுறுசுறுப்புள்ள, ஊக்கமுள்ள’ என்று இருந்தது. துரை தம் நாய்க்குட்டியைப் பற்றி நண்பருக்கு எழுதும்போதும் அதே சொல்தான் வரும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று சத்தம் போடும் மேற்பார்வைக் கண்டக்டருக்கும் அதுதான். செலவைக் குறைக்க ‘எனர்ஜெட்டிக்’ நடவடிக்கை எடுக்கும்படி கொழும்பிலிருந்து கம்பெனி எழுதிய கடிதத்தை நானே கோப்பில் வைத்தேன். அந்த நடவடிக்கைதான் இந்தப் பதினொரு பேர்.

பத்திரங்களை டைப் அடிப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தமிழில் சொல்லிக் காட்டினேன். தபால் பை சுமக்கிறவரின் முறை கடைசியில் வந்தது. பன்னிரண்டு வருஷமாக நாள்தோறும் புசல்லாவைத் தபால் கந்தோருக்கு இறங்கி ஏறியவர். எழுத்துத் தெரியாது, ஆனால் காது கூர்மை.

“எனக்கு மட்டும் ரெண்டுதானா ஐயா? மத்தவங்களுக்கு மூணு வாசிச்சீங்களே.”

மூன்றாவது என்ன சொல் என்று விளக்கினேன். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“கண்டியில ஒரு ஸ்டோர்ல கடிதம் கொண்டு போற வேலை இருக்கு. மச்சான் சொல்லி வச்சிருக்கான். இந்தக் காயிதத்தக் கொண்டு போனா, நொண்டின்னுல்ல நெனைப்பாங்க. மாசக் கடைசியில தோட்டத்து லயத்து வீட்ட விடணும் ஐயா. நாலு புள்ளைங்க.”

பெரிய கிளாக்கர் மேசையிலிருந்து தலை தூக்காமலே சொன்னார். “ஒம்பது மணித் தபால பத்தரைக்குக் கொண்டு வந்தா தொரை வேற என்னத்த எழுதுவாரு? பல்லக்குல வந்தாருன்னு எழுதவா?”

தபால்காரர் ஏன் தாமதித்தார் என்பது எனக்குத் தெரியும். திரும்பும் வழியில் டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல்களை வாங்கி, மேல் லயத்தில் காய்ச்சலாய்க் கிடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கந்தோருக்கு இறங்குவார். துரையிடம் யாரும் சொன்னதில்லை. பையோடு நேரே கந்தோருக்கு வரவேண்டும் என்பது சட்டம். சொன்னால் இருக்கிற இரண்டு சொல்லும் போய்விடலாம்.

அன்று பிற்பகல் அவருடைய பத்திரத்தை டைப் அடித்தேன். இரண்டாவது சொல் முடிந்ததும் விரல் நின்றது. பிறகு மூன்றாவதையும் அடித்துவிட்டேன். துரை ஒருநாளும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் அல்ல என்ற தைரியம்தான்.

அன்றைக்கென்று பார்த்துப் படித்தார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, “இதைப் போட்டது யார்?” என்றார்.

“நான்தான் சார்,” என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததாலோ என்னவோ, வாய் திறந்துகொண்டது. உடைந்த இங்கிலீஷில், மருந்தையும் மேல் லயத்தையும் அந்த ஏற்றத்தையும் சொன்னேன். மூன்று வருஷத்துப் பேச்சு முழுவதையும் அந்த ஒரு நேரத்தில் பேசிவிட்டேன் போலிருந்தது.

துரை ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். அங்கிருந்து மேல் லயத்தின் தகரக்கூரை மட்டும் தெரியும்.

“இதை ஏன் அவனே என்னிடம் சொல்லவில்லை?”

அவர் பேனாவை எடுத்து, நான் அடித்த சொல்லை வெட்டினார். பிறகு அதே சொல்லை மேலே தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். “அது நீ போட்டது. இது நான் போடுவது. இனி இப்படிச் செய்யாதே,” என்றார்.

உள்ளே நடந்ததைப் பெரிய கிளாக்கர் சொல்லத் தெரிந்துகொண்டு, தபால்காரர் அந்தக் காகிதத்தோடு கண்டிக்குப் போனார். வேலை கிடைத்ததென்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆறு மாதத்தில் என் பெயரும் பட்டியலில் வந்தது. துரை எழுதித் தந்தபடியே என் பத்திரத்தை நானே டைப் அடித்தேன். நேர்மையானவர், குடிக்காதவர். அத்தோடு முற்றுப்புள்ளி. துரை கையெழுத்திடும்போது எதிரில்தான் நின்றேன். ‘யெஸ் சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கண்டியில் ஒரு வாரம் வேலை தேடி அலைந்து, கடைசியில் அந்த ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். வாசலில் இருந்த தபால்காரர் என்னைக் கதிரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். “ஐயாவோட காயிதத்த வாசிங்க, கேப்போம்,” என்றார். வாசித்தேன். அவர் விரல் மடக்கினார்.

“ரெண்டுதான் இருக்கு.”

தலை குனிந்தேன். அவர் எழுந்து, ஸ்டோர் முதலாளியான மடவளை ஊர்க்காரரிடம் போனார். அவர் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. “மொதலாளி, இவருக்கு ஒரு சொல்லு கொறையுது. தொரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அந்த ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்துவிட்டேன். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் வேலை கேட்டு வருகிற யாராவது தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் வாசலில் நின்றால், நான் எழுந்து அவருக்காகச் சொல்ல முதலாளியிடம் உள்ளே போகிறேன். அந்த மூன்றாவது சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத பொருளை ஒரு தபால்காரரிடம்தான் கற்றேன்.