கண்ணாடிக் கடையின் 'அதெப்படி'

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'அதெப்படி'. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். அப்பா தொடங்கிய மூக்குக்கண்ணாடிக் கடையை அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கண் பரிசோதனையும் நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கடைக்கு வந்து உயரமான ஸ்டூலில் ஏறிக்கொள்வாள். ஏழு வயதில் ஒருநாள், லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, "அண்ணா, எந்தக் கண்ணாடி போட்டா எல்லாம் நெஜமா இருக்கிற மாதிரியே தெரியும்?" என்று கேட்டாள்.

"அவங்கவங்க பவருக்கு ஏத்தது."

"அப்போ நெஜமா எப்படி இருக்குன்னு யாருக்குத்தான் தெரியும்?"

கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். "போய் வீட்டுப்பாடம் எழுது" என்று விரட்டினேன். பதில் தெரியாதவனுக்குக் கோபம்தானே துணை!

அவள் அந்தக் கேள்வியை விடவே இல்லை. கடைக்கு உதவுமே என்று நான்தான் அவளைக் கல்லூரியில் வணிகவியலில் சேர்த்தேன். முதல் வகுப்பில் தேறினாள். ஆனால் ஃபிரேம் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டால் நூலகத்துத் தத்துவப் புத்தகம்தான் சிக்கும். நூலகத்தில் அந்த அலமாரி, கழிப்பறைக்குப் போகும் வழியில் பல்பு எரியாத மூலையில் இருந்தது. மூன்று வருடத்தில் அதன் பக்கம் போனவள் இவள் ஒருத்திதான் என்று நூலகரே என்னிடம் சொன்னார். பாராட்டினாரா, பரிதாபப்பட்டாரா தெரியவில்லை.

"தங்கச்சி என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால், "ஏதோ படிக்குது" என்று மழுப்பிவிடுவேன். உள்ளதைச் சொன்னால், "அதைப் படிச்சு என்ன ஆகும்?" என்று அடுத்த கேள்வி வரும். வெட்கமாகக்கூட இருந்தது.

பட்டம் வாங்கிய கையோடு தத்துவத்தில் முதுகலைக்கு விண்ணப்பம் போட்டாள். வேறு பாடம் படித்து வருபவர்களுக்கு மொத்தமே இரண்டு இடம். புதன்கிழமை நேர்முகத் தேர்வு. "நீ வேணாம்னா போகலைண்ணா, கடையிலேயே இருக்கேன். ஆனா ஏன் வேணாம்னு மட்டும் சொல்லிடு" என்றாள். பிடி கொடுக்காமல் நாளைக் கடத்தினேன்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். ஒரு பஸ் டிரைவர் கண் சான்றிதழுக்காக வந்திருந்தார். எங்கள் சோதனை அறை குறுகல். அதனால் இடவலம் மாற்றி அச்சிட்ட எழுத்து அட்டை உட்காருபவரின் தலைக்குப் பின்னால் இருக்கும். எதிர்ச் சுவரில் உள்ள நிலைக்கண்ணாடியைப் பார்த்து வாசிக்க வேண்டும். அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். முறை வரும்வரை டிரைவர் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவர் முறை வந்தது. எல்லா வரியும் வாசித்தார். கடைசி வரியில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

"அண்ணா, கையெழுத்துப் போடாதே" என்றாள், லென்ஸ் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் நின்ற தங்கை.

"ஏன்? எல்லாம் சரியாத்தானே சொன்னாரு?"

"சரியாத்தான் சொன்னாரு. ஆனா பார்த்துச் சொன்னாரா? பெரிய எழுத்தை யோசிச்சு யோசிச்சுப் படிச்சவரு, பொடி எழுத்தை மட்டும் மடமடன்னு எப்படிப் படிச்சாரு?" அவர் பக்கம் திரும்பி, "சார், அதே கடைசி வரியை வலது பக்கத்திலேருந்து வாசிங்க" என்றாள்.

டிரைவர் கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்கு முன்னால் ஆறு பேர் உரக்க வாசித்ததை வெளியே இருந்தே காதால் மனப்பாடம் செய்திருக்கிறார், மனுஷன்! "வேலை போயிடுமேன்னு பயம், சார்" என்று தலை குனிந்துகொண்டார். நான் பேனாவை மூடினேன். பதினைந்து வருடமாக அந்தத் திரையைத் தாண்டிச் சத்தம் போகிறது. ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. இப்படி எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டேனோ!

"கண்ணாடி போட்டா வேலை போகாது, சார். போடாட்டிதான் போகும்" என்று அவருக்குச் சொல்லிச் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கால் மணி நேரம் என்றார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளிடம், "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"வணிகவியல் படிச்சிட்டு இங்கே ஏன் வந்தேன்னு கேட்டாங்க. நம்ம டிரைவர் கதையைச் சொன்னேன். சரியாச் சொல்றதும் தெரிஞ்சு சொல்றதும் வேறயா, வேறன்னா எதனால வேறன்னு ரொம்ப நேரம் பேசினோம். அவங்களுக்குள்ளேயே சண்டை வந்துடுச்சுண்ணா!"

இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அறைக்குக் கதவு போட்டேன். கூடவே இன்னொரு எழுத்து அட்டையும் வாங்கி, ஆளுக்கு ஆள் மாற்றி மாட்டுகிறேன்.

போன வாரம் அதே டிரைவர் கண்ணாடியோடு மறுபரிசோதனைக்கு வந்தார். "அந்தத் தங்கச்சி எங்கே, சார்?" என்றார்.

"மேல படிக்குது. தத்துவம்" என்றேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அதைப் படிச்சு என்ன சார் ஆகும்?"

"கடைசி வரியை வாசிங்க."

வாசித்தார்.

"இப்போ வலது பக்கத்திலேருந்து."

நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றும் பிசகாமல் வாசித்தார்.

"இதுதாங்க ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.